இடது காது

வலது காது கடைக்கு.
"ரெண்டு பக்கமும் நாலு காப்பியா,
ஸ்பைரல் போடணுமா, ஆதார்னா கலர்ல எடுக்கவா?"
வீட்டுக்குப் போனால் அது அம்மாவின் இருமலுக்கு.
எரிகல் குழுவுக்கென்று
ஏழு வருடமாக நான் ஒதுக்கியது
இடது காது.

மதுரைக்கு அவர்கள் வந்தபோது சம்பளம் வரவில்லை.
திருச்சிக்கு வந்தபோது தேர்தல்,
கடைக்குள் வாக்காளர் பட்டியல் மலை.
காரைக்குடிக்கே வருகிறார்கள் என்று
சிகப்பி போனில் சொன்ன நிமிடம்
பத்துக்குப் பதில் நூறு அழுத்திவிட்டேன்.
தேவகோட்டையில் யாரோ ஒருவருடைய பட்டா
தொண்ணூறு தடவை கூடுதலாக வந்து விழுந்தது.

கழனிவாசல் தாண்டி ஒரு பொட்டல்.
ஆறரை என்றார்கள்.
ஏழேகாலுக்கு நகைக்கடைக்காரருக்குப் பொன்னாடை.
எட்டுக்கு அவர் மைத்துனருக்கு.
"இசைக்குழுவினர் நமக்காக
ஒரு சினிமாப் பாட்டோடு தொடங்குவார்கள்"
என்று தொகுப்பாளர் சிரித்ததும்
பொட்டலே ஊளையிட்டது.
சிகப்பி ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

விளக்குகள் அணைந்தன.
டிரம்ஸில் முதல் அடி விழுந்தபோது
என் பைக்குள், காலி டிபன் டப்பாவுக்குள்
ஸ்பூன் அதிர்ந்தது.

குதித்தோம்.
செம்மண் முழங்காலுக்கு எழுந்து, இடுப்புக்கு எழுந்து,
மேடை வரை போயிற்று.
ஜெரால்டின் முகம் தெரியவில்லை.
சிவப்புப் புகைக்குள் ஒரு முழங்கை,
கிட்டாரின் ஒரு கொம்பு.
வாயை மூடினால் பல்லுக்கிடையில்
ஊர் நறநறத்தது.

நான்காவது, 'எடை மெஷின்'.
அதில் இரண்டாம் சரணம் முடிந்ததும் எல்லாம் நிற்கும்.
எட்டு எண்ணும் நேரம்
ஒன்றுமே இருக்காது.
அந்த ஒன்றுமில்லாததில்தான் நான் விழுந்தேன்.
அங்கே நானாக ஒரு மெட்டு முனகுவேன்,
ஜெராக்ஸின் பச்சை வெளிச்சம்
ஒரு முறை போய்த் திரும்புவதற்குள் முடிகிற மாதிரி.
மெஷின் சத்தம் என்று முதலாளிக்கு நினைப்பு.

நின்றது.
மூச்சை இழுத்தேன்.

மேடையின் ஓரத்தில், விளக்கு சரியாக விழாத இடத்தில்,
நரைத்த குடுமியோடு ஒருவர்.
பெயர்கூட எனக்குத் தெரியாது.
இரண்டாவது கிட்டார்.
எட்டு எண்ணும் நேரம் முழுக்க
அவர்தான் பேசினார்.

அப்படியென்றால்
அங்கே எப்போதும் ஆள் இருந்திருக்கிறது.
பூட்டிக் கிடக்கும் வீடு என்று
ஏழு வருடம் உள்ளே போய்
சத்தமாகப் பாடிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

முதலில் வந்தது கோபம்தான்.
"இதுதாண்டி பாட்டோட உயிரே!"
சிகப்பி என் காதுக்குள் கத்தினாள்,
வலது காதுக்குள்.
எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.
கடலை விற்க வந்தவர்கூடத் தலையாட்டினார்.

பாட்டின் கடைசியில் அந்த இடம்
இன்னொரு தடவை வரும்.
வந்தது.
நான் வாயை மூடிக்கொள்ளவில்லை.
அவருடையது ஏறும்போது என்னுடையது இறங்கியது.
இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டோம்.
ஓரிடத்தில், சத்தியமாக,
அவருடையதும் இல்லாத என்னுடையதும் இல்லாத ஏதோ ஒன்று
ஒரு நொடி நின்றுவிட்டுப் போனது.
யாருக்கும் கேட்டிருக்காது.
அவருக்கே கேட்டிருக்காது.

கடைசி பஸ். அமராவதிபுதூர் வரை
கண்டக்டரின் வாய் மட்டும் அசைந்தது.
மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் செம்மண்.
சிகப்பிக்கு இன்னும் அடங்கவில்லை,
"ஒரு பக்கம் குடு" என்று கையை நீட்டினாள்.
எடுத்துக் கொடுத்தேன்,
இடதை.

ரெண்டு பேருக்கும்
காதுக்குள் ஒரே இரைச்சல்.
ஒன்றும் கேட்கவில்லை.